கடையைத் தாண்டி நடந்த மாலைகள்

இப்போது எங்கள் சபையில் ஊழியம் செய்கிற பெண்கள் ஸ்கூட்டரில் போகிறார்கள். கைப்பேசியில் குடிநோய் மருத்துவரின் எண்ணை வைத்திருக்கிறார்கள். ஆலோசனை சொல்வதற்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். போன மாதம் அவர்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, உங்க காலத்துல இதெல்லாம் கிடையாதே, குடிக்கிறவங்க வீட்டுக்குப் போய் என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன். கேட்டுவிட்டு, இதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். என்னைப் பற்றி எழுத அதிகம் இல்லை. யாரிடம் வேலை பார்த்தேன் என்பதைத்தான் எழுத வேண்டும்.

என் பெயர் பாக்கியம். கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே கணவர் காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் ஊர்ச் சபையார் என்னைப் பெண்களுக்கான வேதாகமப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வேதபாடம், பாட்டு, முதலுதவி, கொஞ்சம் தையல், இவ்வளவுதான் பயிற்சி. முடித்ததும் தாம்பரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அறுபதுகளின் நடுப்பகுதி. வேலையின் பெயர் 'பைபிள் உமன்'. ஜனங்கள் வாயில் அது 'பைபிளக்கா' ஆகிவிட்டது. ஒரு குடை, ஒரு துணிப்பை, கால்நடை. சேலையூர், செம்பாக்கம், ஏரிக்கரைக் குடிசைகள் எல்லாம் என் வட்டம்.

சபைக்கு அப்போது போதகராக இருந்தவர் தேவசகாயம் ஐயர். எங்களுக்குள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். தெற்கத்திக்காரர். நல்ல உயரம். சைக்கிள் வைத்திருந்தாரே தவிர, பாதி நேரம் அதைத் தள்ளிக்கொண்டுதான் போவார். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் இறங்கிவிடுவார், பிறகு ஏறவே மறந்துவிடுவார். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். முகம் தெளிவாகத் தெரியாவிட்டால் காது நன்றாகக் கேட்கும் என்பது அவர் எண்ணம். பிரசங்க பீடத்திலும் சத்தம் போட மாட்டார். பின்வரிசைக்காரர்கள் கொஞ்சம் முன்னே வந்து உட்கார வேண்டியிருக்கும்.

சபையின் மதுவிலக்குச் சங்கத்தை அவர்தான் நடத்தினார். எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது தண்ணீரைப் பற்றி. "பாக்கியம்மா, போற வீட்டுல உக்காரச் சொன்ன இடத்துல உக்காருங்க. தண்ணி கொடுத்தா முழுசும் குடிங்க. மிச்சம் வைக்காதீங்க. தங்க கையால ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்கன்னு நினைச்சிக்கிட்டிருக்கிற வீடுகள் அது" என்றார். முதல் தடவை போகும்போது குடியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இரண்டாம் தடவையும் கூடாது. அந்த வீட்டாரே எடுக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் ஒரு மனிதனைக் கண்டிக்கக் கூடாது. குடித்திருக்கிறவனிடம் பேசவே கூடாது. "அந்நேரம் அவனுக்குள்ள இருந்து பேசுதது சாராயம். சாராயத்துக்கிட்ட நமக்கு என்ன பேச்சு?" என்பார்.

ஆயுசு முழுவதும் தொட மாட்டேன் என்று கையெழுத்து வாங்குகிற அட்டைகள் சங்கத்தில் கட்டுக் கட்டாக இருந்தன. ஐயர் அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "ஆயுசு முழுக்கன்னு கேட்டா எவனுக்கும் பயம் வரும். அடுத்த ஞாயிறு வரைக்கும்னு கேளுங்க. ஞாயிறு வந்தா மறுபடியும் கேப்போம்."

அப்போது மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்தது. ஆனால் செம்பாக்கம் ஏரிப் பக்கத்துக் கருவேலங்காட்டில் சாராயம் காய்ச்சுகிற புகை வராத நாள் கிடையாது. போலீஸ் வந்தால் பானைகள் தண்ணீருக்குள் போய்விடும். எங்களைக்கூட முதலில் உளவுக்காரர்கள் என்றுதான் நினைத்தார்கள். ஐயர் ஒருநாள் குடிசைகளின் நடுவில் நின்று, "நாங்க போலீசுக்குச் சொல்ல மாட்டோம்யா. எங்களுக்கு ஆண்டவர்கிட்டச் சொல்லித்தான் பழக்கம்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து கதவுகள் திறந்தன.

அப்படித் திறந்தவற்றில் ஒன்று கன்னியம்மாவின் வீடு. அவள் திறந்தாள் என்பதைவிட என்னை இழுத்துப் போனாள் என்று சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்த என்னை வழிமறித்தாள். "ஏ பைபிளக்கா, நில்லு. எல்லார் வூட்டுக்கும் போற, என் வூட்டுக்கு மட்டும் வர மாட்டியா? என் வூட்டுக்காரன் இன்னா பாவம் பண்ணான்?"

அவள் கணவர் ஏழுமலை. வேங்கைவாசலைத் தாண்டி இருந்த கல்குவாரியில் பாறைக்கு வெடி வைப்பவர். பாறையில் துளை போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரி வைத்துக் கொளுத்திவிட்டு ஓடி வருகிற வேலை. காலையில் எழுந்ததும் குடிப்பார். கண்காணியே வாங்கிக் கொடுப்பார் என்றாள். ஐயரும் நானும் பல தடவை போனோம். தண்ணீர் குடித்துவிட்டு வந்தோம். ஒருநாள் ஏழுமலையே பேச்சை எடுத்தார்.

"ஐயரே, நான் குஷாலுக்குக் குடிக்கல. கைய பாரு." இரண்டு கைகளையும் நீட்டினார். காற்றில் கொடித்துணி ஆடுவதுபோல் ஆடின. "ஒரு கிளாஸ் உள்ள போனாதான் இது நிக்கும். இது நின்னாதான் நான் மருந்து கெட்டிக்க முடியும். ஆடுற கையோட மருந்தைத் தொட்டா, நானும் பூடுவேன், கூட கீறவனும் பூடுவான். இப்ப சொல்லு, குடிக்கட்டா, வேணாவா?"

ஐயர் திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "நியாயமாத்தான் கேட்டான்" என்றார்.

சில மாதங்கள் கழித்து குவாரியில் ஒரு வெடி முந்திக்கொண்டது. கஞ்சி கொண்டுபோயிருந்த ஏழுமலையின் மகளை உரசிக்கொண்டு ஒரு கல் பறந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தகப்பன்தான் ஆடிப்போய்விட்டார். அன்று சாயங்காலமே எங்களைத் தேடிச் சபைக் கோயில் வாசலுக்கு வந்தார். "அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும்னு இன்னாவோ சொல்லுவியே, அத்த எனக்குக் குடு" என்றார். ஐயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தார். ஏழுமலை வேலைக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தார். ஒரு சொட்டுத் தொடவில்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாம் நாள் பகலில் பெண்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது கன்னியம்மா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "ஐயரே, எம் புருசனைக் கட்டிப் போடறாங்கோ, வா!"

ஐயர் அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்தார். குடிசை முன்னால் ஊரே கூடியிருந்தது. ஏழுமலை தன் உடம்பிலிருந்து எறும்புகளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். எறும்பு ஒன்றுகூடக் கிடையாது. "திரி வெச்சாச்சு! திரி எரியுது! ஓடுங்கடா!" என்று கத்தினார். நாலு பேர் அவரை அமுக்கிப் பிடித்தார்கள். ஒருவர் கையில் கயிறு, இன்னொருவர் கையில் வேப்பங்கொத்து. காட்டேரி அடித்துவிட்டது என்றார்கள். எங்கள் சபையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரும், "ஐயா, இது அசுத்த ஆவிதான். பிடிச்சு உக்கார வெச்சு, விரட்டுற வரைக்கும் விடாம ஜெபிக்கணும்" என்றார்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஏழுமலையின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "உடம்பு கொதிக்குது. பேய்க்குக் காய்ச்சல் அடிக்காதுய்யா. இது சீக்கு. கையை எடுங்க எல்லாரும்."

இரண்டு பக்கத்தாருக்கும் கோபம். உனக்கு விசுவாசம் இல்லை என்று எங்கள் பெரியவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். ஐயர் ஏழுமலையின் முகத்துக்கு அருகே குனிந்து, "திரி எரியுதா?" என்று கேட்டார்.

"எரியுது! எரியுது!"

"அப்ப ஏன் நிக்கோம்? வா, ஓடுவோம்."

ஐயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். வெள்ளை அங்கி காலைத் தட்ட, ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெடிக்குத் தப்பி ஓடுகிறவர் போலவே ஓடினார். அமுக்கிப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்த மனிதர், ஐயர் கையைப் பற்றிக்கொண்டு பிள்ளைபோல் கூடவே ஓடினார். கன்னியம்மாவும் நானும் பின்னால் ஓடினோம். பெரிய சாலையில் குவாரி லாரி ஒன்று நின்றிருந்தது. "இதுல ஏறிக்கோ, கல்லு இங்க வராது" என்று ஐயர் அவரை முன்னால் ஏற்றித் தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். லாரிக்காரர் பயந்துபோய்க் கேள்வியே கேட்காமல் வண்டியை எடுத்தார்.

தாம்பரத்தில் அப்போது சிறிய மிஷன் மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கிருந்த டாக்டரம்மா ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டு வெளியே வந்தார். நல்ல கோபம். "இவ்வளவு வருஷம் குடிச்ச உடம்பை ஒரே நாள்ல நிறுத்தச் சொன்னது யாரு?"

"நான்தான் டாக்டரம்மா."

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிர் போயிருக்கும். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. சொல்லிக் கொடுங்க."

அவர் கேட்ட விதத்தில் டாக்டரம்மாவின் கோபம் இறங்கிவிட்டது. பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்து, பல வருடம் சாராயத்துக்குப் பழகின உடம்பு அது திடீரென்று நின்றால் எப்படி நடுங்கும், ஏன் ஜன்னி வரும், என்ன மருந்து, என்ன சாப்பாடு என்று எல்லாவற்றையும் விளக்கினார். ஐயர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஏழுமலைக்கு நினைவு திரும்பும்வரை ஐயர் பெரும்பாலும் அந்தப் பெஞ்சில்தான் இருந்தார். கன்னியம்மாவுக்கு அது புரியவே இல்லை. "நீ இன்னாய்யா, உன் கோயிலுக்கு வராத மனுசனுக்குப் போயி இப்டி குந்திகினு கீற?" என்று கேட்டாள்.

"கூட ஓடி வந்தாச்சு தாயி. பாதியில விட்டுட்டுப் போவ முடியுமா?"

சபைச் செயலாளர் ஜெயராஜ் சாரும் பார்க்க வந்தார். நகரத்தில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. ஒழுங்கான மனிதர், கொஞ்சம் கறார். ஏழுமலையின் நிலைமையைப் பார்த்துவிட்டு, "ஐயா, பிழைப்பாரோ என்னவோ. இப்பவே ஞானஸ்நானம் கொடுத்துடலாமே, ஒரு ஆத்துமா" என்று மெதுவாகச் சொன்னார். ஐயர், "தெளியட்டும் சார். தன் பேரே தெரியாமக் கிடக்கிறவன்கிட்ட இருந்து எடுத்துக் கொடுத்தா ஆண்டவர் வாங்கிக்க மாட்டாரு" என்றார்.

ஏழுமலை பிழைத்தார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஐயர் நடந்ததைச் சபைக்குச் சொன்னார். நிறுத்தச் சொன்னவர் தாம்தான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வேலை முறை மாறியது. நெடுநாள் குடித்தவர் யாராயிருந்தாலும் முதலில் டாக்டரம்மாவிடம், அப்புறம்தான் 'அடுத்த ஞாயிறு வரைக்கும்'. இப்போதைய பெண்கள் புத்தகத்தில் படித்துவிட்டு வருகிற பாடம் இது. எங்களுக்கு அது ஏழுமலையின் உடம்பிலிருந்து வந்தது.

ஏழுமலை வெடி வேலையை விட்டுவிட்டு அதே குவாரியில் கல் உடைக்கிற வேலைக்கு மாறினார். அந்த வருடத்துக் கன்வென்ஷன் கூட்டத்தில் அவரை மேடையில் ஏற்றி, குடியை விட்டதைச் சாட்சியாகச் சொல்ல வைக்க வேண்டும் என்று ஜெயராஜ் சார் ஆசைப்பட்டார். ஐயர் மறுத்துவிட்டார். "அவன் இப்பத்தான் எழுந்து நிக்கான். விளம்பரப் பலகையா நிறுத்தினா மறுபடி விழுவான் சார்." அதற்குப் பிறகு ஜெயராஜ் சார் கொஞ்ச காலம் ஐயரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் மதுவிலக்கைத் தளர்த்தியது. குவாரிக்கும் செம்பாக்கத்துக்கும் இடையில், வேலையாட்கள் தினமும் நடந்து வருகிற சாலையிலேயே ஒரு சாராயக் கடை வந்தது. வாழை மரம் கட்டி, ஒலிபெருக்கி வைத்துத் திறந்தார்கள். மறுநாள் காலை ஏழுமலை என் வீட்டுக்கு வந்தார். குடியை விட்ட இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, முன்னல்லாம் அத்த நான் தேடிகினு காட்டுக்குள்ள போவணும். இப்ப அது ரோட்டுல நின்னுகினு என்னைப் பேர் சொல்லிக் கூப்புடுது. நேத்து எப்டி தாண்டி வந்தேன்னு எனக்கே தெரியல. இன்னிக்கு முடியாதுக்கா."

ஐயரிடம் ஓடினேன். கடைக்கு எதிரே நின்று பாட்டுப் பாடி ஜெபிக்கலாம் என்று சபையில் சிலர் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "செய்யுங்க, நல்லதுதான். எனக்குச் சாயங்காலம் ஒரு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். குவாரி வாசலில் போய் நின்றார். வேலை முடிந்து வந்த ஏழுமலையோடு செம்பாக்கம் வரை நடந்தார். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார்.

வாய்த்த நாட்களில் நானும் கூடப் போவேன். அதற்கும் ஐயரிடம் ஒரு முறை இருந்தது. கடை நெருங்கும்போது வேகமாக நடக்கக் கூடாது, தயங்கவும் கூடாது. பேச்சை நிறுத்தக் கூடாது. கடைக்காரரைப் பார்த்தால் கும்பிடு போட வேண்டும். "அவரோட நமக்குச் சண்டை இல்ல" என்பார். வழியெல்லாம் ஐயரின் தெற்கத்திப் பேச்சை ஏழுமலை கேலி செய்துகொண்டு வருவார். "'சொல்லுதேன்', 'போவுதேன்'. இன்னா ஐயரே, தமிழை இப்டி இழுக்கற?" ஐயர், "நீ 'வூடு'ங்க, நான் 'வீடு'ங்கேன். ரெண்டும் மழைக்கு ஒழுகத்தான்ல செய்யுது" என்பார். அந்தச் சிரிப்பிலேயே கடை பின்னால் போயிருக்கும்.

ஒருநாள் ஐயருக்குக் கடும் காய்ச்சல். எனக்கோ ஒரு பிரசவ வீட்டுக்குப் போயே ஆக வேண்டிய நிலை. அந்த வீட்டுக்குப் போகும் வழியில், ஸ்டேஷன் வாசலில், மின்சார ரயிலில் இருந்து இறங்கி வந்த ஜெயராஜ் சாரைப் பார்த்தேன். வேறு யாரும் கண்ணில் படாததால் அவரிடமே விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். டிபன் பாக்ஸ் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். குவாரி வழியாக மேடவாக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார். அன்றைக்கு ஏழுமலையோடு நடந்தவர் அவர்தான். மறுநாள் யாரும் சொல்லாமலே வந்தார். பளபளவென்று பாலிஷ் போட்ட ஆபீஸ் ஷூ, செம்மண் புழுதியில் நிறமே தெரியாமல் போயிற்று.

பிறகு குவாரியிலிருந்து இன்னொருவர் சேர்ந்தார். பின் நாலைந்து பேர் ஆனார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பாதி வழி எதிர்கொண்டு வருவார்கள். எல்லாரும் ஒழுங்காகத் தாண்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு சாயங்காலம் சின்னக்கண்ணு என்கிற கல் உடைப்பவர் பேசிக்கொண்டே வந்தவர், சட்டென்று விலகிக் கடைக்குள் போய்விட்டார். ஐயர் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். "நில்லுங்க. உள்ள போனவனை விட்டுட்டுப் போவக் கூடாது" என்றார். நின்றோம். சின்னக்கண்ணு வெளியே வந்து எங்களைப் பார்த்ததும் தலையைத் தொங்கப் போட்டார். ஏழுமலை அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். வீடு வரை நடந்தோம். மறுநாள் சின்னக்கண்ணு வந்தார்.

எங்கள் சபையில் போதகர்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஐயருக்கும் மாற்றல் வந்தது. அவர் புது ஊருக்குப் போகிற ரயில் ஏறுவதற்கு முந்தின மாலையும் குவாரிக்குப் போனார். வழியில் ஏழுமலை திடீரென்று நின்றார்.

"ஐயரே, ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லு. இம்மாம் நாள் எங்கூட நடந்தியே, நான் உன் கோயில்ல சேரலன்னு உனக்கு வருத்தமா?"

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "வருத்தம்தான் ஏழுமலை. பொய் சொல்ல மாட்டேன். எனக்குக் கிடைச்ச பெரிய நன்மை உனக்கும் கிடைக்கணும்னு தினமும் கேக்குதேன். ஆனா நான் நடந்ததுக்குக் கூலியா நீ அதைத் தர வேண்டாம்."

ஏழுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. "கூலி இல்லாம எனக்கு வேலை செஞ்சது நீ ஒருத்தன்தான்யா" என்றார். அவர் கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் ஐயர் பேரைச் சொன்னால் எங்கிருந்தாலும் எழுந்து நிற்பார்.

ஐயர் போன பிறகும் நடை நிற்கவில்லை. குவாரி வாசலில் காத்திருந்து ஆட்களைச் சேர்த்துக் கூட்டி வருகிறவர் ஏழுமலை ஆனார். ஜெயராஜ் சாரும் முடிந்த நாட்களில் வந்தார்.

சில வருடங்களில் அரசாங்கம் மறுபடியும் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கடைகளை மூடிய அன்று செம்பாக்கத்தில் பெண்கள் பட்டாசு வெடித்தார்கள். நான் செய்தியைத் தூக்கிக்கொண்டு கன்னியம்மாவிடம் ஓடினேன். அவள் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கன்னியம்மா, கடையை மூடிட்டாங்க!"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கவர்மெண்டு இன்னிக்குத்தான் மூடுதா? என் வூட்டுக்காரன் மூடி எம்மாம் வருசமாச்சு" என்றாள்.

அன்று சாயங்காலம் பழக்கத்தில் என் கால் குவாரிப் பக்கம் போய்விட்டது. வாசலில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். சின்னக்கண்ணுவும் மற்றவர்களும் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே கடைதான் இல்லையே ஏழுமலை. எல்லாரும் அவங்கவங்க பாட்டுக்குப் போகலாமே" என்றேன்.

ஏழுமலை என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கடை இல்லன்னா இன்னாக்கா? நாளைக்கே கருவேலங்காட்டுல அடுப்பு மூட்டுவானுங்கோ" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "டேய், சீக்கிரம் வாங்கடா, அக்கா வந்து நிக்குது" என்று குரல் கொடுத்தார். எல்லாரும் வந்து சேரும்வரை நின்றோம். பிறகு நடந்தோம்.